அழுகண்ணியை எடுக்கப் போன ஐந்து நாள்

முதல் நாள், வியாழன்

கோவையிலிருந்து உதய் எக்ஸ்பிரஸில் கிளம்பினேன். இரண்டு அடுக்கு ரயில். எனக்கு மேல் அடுக்கில் ஜன்னலோரம் கிடைத்தது. காலடியில் ஒரு பெரிய கட்டைப்பை. மூடி போட்ட டப்பாக்கள் 30, ஒரு பொட்டலம் காய்ந்த ஸ்பேக்னம் பாசி, கைக்கரண்டி, தெளிப்பான், இரண்டு லிட்டர் மழைத்தண்ணீர். தண்ணீரைக்கூடவா சுமந்துகொண்டு போகிறீர்கள் என்று பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார். பூச்சி பிடிக்கும் செடிகளுக்கு உப்புத் தண்ணீர் ஆகாது, போர்வெல் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றினால் கருகிவிடும் என்றேன். அப்புறம் சேலம் வரைக்கும் அவர் கேள்விகளை நிறுத்தவில்லை.

விஷயம் இதுதான். பெங்களூருவில் மென்பொருள் வேலையில் இருக்கும் ஒரு தம்பி, சொந்த ஊர் நாகர்கோவில், என்னைப் போலவே இந்தச் செடிகளை வளர்ப்பவர். போன வாரம் கூப்பிட்டார். "அக்கா, நம்ம இடத்துல கல்லு நட்டுட்டாங்க. லேஅவுட் வரப்போகுது. பத்து நாள்ல ஜேசிபி இறங்கிடும். வாங்க, இருக்கறதை எல்லாம் எடுத்துடலாம்."

டிரோசிரா பர்மன்னி, டிரோசிரா இண்டிகா என்று இரண்டு வகை அங்கே இருக்கின்றன. இலை முழுக்க மயிர் போன்ற சிவப்புக் காம்புகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பசைத்துளி. வந்து உட்காரும் எறும்பும் கொசுவும் ஒட்டிக்கொள்ளும். பர்மன்னியின் ஓரக் காம்புகள் சில நொடிகளிலேயே உள்ளே வளைந்துவிடும். எப்போதும் கண்ணீர் தளும்புவதுபோல் இருப்பதால் தமிழில் அழுகண்ணி. இந்தப் பெயர் வேறு சில செடிகளுக்கும் உண்டு. சித்த வைத்தியத்தில் காயகற்ப மூலிகை என்பதால் அதற்கென்று பிடுங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

இடம் யெலஹங்காவுக்கு வடக்கே. அதற்கு மேல் எங்கும் எழுதப் போவதில்லை, படங்களிலும் இருப்பிடக் குறியை எடுத்துவிட்டுத்தான் போடுவேன். வீனஸ் ஈப்பொறி என்று எல்லோருக்கும் தெரிந்த செடி, அமெரிக்காவில் வடக்கு, தெற்கு கரோலினாக்களின் கடலோரச் சமவெளியில் மட்டும் இயற்கையாக வளர்வது. அதைக் காட்டில் திருடுவதை வடக்கு கரோலினா 2014இல் பெருங்குற்றமாகவே ஆக்க வேண்டி வந்தது. இங்கே அப்படி ஒரு காவலும் இல்லை. அதனால் ஊர்ப்பெயரைத் தயவுசெய்து கேட்காதீர்கள்.

கே.ஆர்.புரத்தில் இறங்கி மெட்ரோ பிடித்து அல்சூர் வந்தேன். சித்தி வீடு. பையைப் பிரித்துக் காட்டியதும் சித்தி கேட்டது ஒன்றே ஒன்று. "உன் மொட்டைமாடியில இது பொழைக்குமா, கண்ணு?"

"பொழைக்க வைக்கிறேன் சித்தி" என்றேன்.

இரண்டாம் நாள், வெள்ளி

தம்பிக்கு வேலை நாள். நான் லால்பாக் போனேன். ஹைதர் அலி 1760இல் தொடங்கிய தோட்டம். அங்கே தலைமுறைகளாக வேலை செய்த திகளர் சமூகத்தினர் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்த ஒரு பேச்சு பேசுவார்கள், காதில் விழும்போது ஊர் ஞாபகம் வரும். ஆனால் நான் போனது பாறைக்காக. 300 கோடி ஆண்டு வயது என்று மதிப்பிடப்படும் நைஸ் பாறை. பெங்களூருவின் அடியில் இருப்பது பெரும்பாலும் இதுதான். இதன் மேல் மண் மெல்லியதாகத் தங்குகிற இடத்தில், மழைக்குப் பிறகு பல வாரம் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். சத்தெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும், வேறு செடிகள் அங்கே செழிக்காது. அழுகண்ணி அங்கேதான் நிற்கிறது. மண்ணில் கிடைக்காத தழைச்சத்தைப் பூச்சியிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

மாலையில் ஒரு நர்சரி. பெயர் வேண்டாம். ஈப்பொறிகளும் குடுவைச் செடிகளும் வரிசையாக இருந்தன, ஆய்வுக்கூடத்தில் திசு வளர்ப்பில் பெருக்கியவை, சுத்தமான கலவையில். அவற்றை வாங்குவதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. கீழ்த்தட்டில் நாலு தொட்டி டிரோசிரா இண்டிகா. அருகே குனிந்து பார்த்தேன். செம்மண்ணும் சரளையும் அப்படியே இருந்தன. செடியோடு இரண்டு மூன்று புல், பொத்தான் மாதிரி வெள்ளைத் தலை வைத்த ஒரு பூண்டு. ஆய்வுக்கூடத்திலிருந்து வரும் செடிக்குப் பக்கத்தில் வயல் புல் முளைக்காது.

"எங்கிருந்து வந்தது?"

"லேப் பிளான்ட் மேடம்."

தொட்டி ஒன்று 350 ரூபாய். வாடிக்கொண்டிருந்தன. போர்வெல் தண்ணீர்தான் ஊற்றுகிறார்கள் என்பது தொட்டியின் வெள்ளை விளிம்பிலேயே தெரிந்தது. நாலையும் வாங்கி மழைத்தண்ணீரில் வைத்தால் ஒருவேளை பிழைக்கும். கை பர்ஸ் வரைக்கும் போய்விட்டது. ஆனால் நான் கொடுக்கும் 1,400 ரூபாய் அடுத்த மூட்டைக்கான முன்பணம். வாங்காமல் வந்துவிட்டேன். இதை எழுதும்போதும் அந்த நாலு தொட்டிகள் கண்ணுக்குள் நிற்கின்றன.

சட்டத்தைக் கேட்பவர்களுக்கு: மேகாலயாவின் குடுவைச் செடியான நெப்பந்திஸ் காசியானா 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது, அழிவின் ஆபத்தில் இருக்கும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் இணைப்பிலும் இருக்கிறது. இந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே நெப்பந்திஸ் அது. காரோ மக்கள் அதை மேமாங் கோக்சி, பேயின் கூடை என்பார்கள். நம் டிரோசிராக்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. நில உடைமைக்காரர் சரி என்றால் தடுக்க யாரும் இல்லை. அப்படியானால் எது சரி என்று நாமேதான் யோசித்தாக வேண்டும்.

மூன்றாம் நாள், சனி

காலை ஆறு மணிக்குத் தம்பியின் பைக்கில் கிளம்பினோம். நல்ல குளிர். பையை மடியில் வைத்துக்கொண்டேன்.

பார்த்தால் ஒன்றுமே இல்லாத இடம். லேசான சரிவு, நடுவில் யானை முதுகு மாதிரி ஒரு பாறை, அதன் அடியில் தண்ணீர் கசியும் ஒரு மூலை. சுற்றிலும் கணுக்கால் உயரப் புல். பட்டா நிலம்தான், ஆனால் பல வருடமாக யாரும் உழவில்லை, ஊர் மாடுகள் மேய்ந்திருக்கின்றன. இந்த மாதிரி நிலத்தைப் பார்த்தால் எல்லோருக்கும் வாயில் வருவது "சும்மா கிடக்கு" என்பதுதான். அரசு மேய்ச்சல் நிலத்தைக் கன்னடத்தில் கோமாளா என்கிறார்கள், நாம் மேய்ச்சல் புறம்போக்கு என்கிறோம். அந்தப் புறம்போக்கு என்ற சொல்லால்தான் ஒரு மனிதரைத் திட்டவும் செய்கிறோம். நகரத்தின் வடமேற்கில் இருக்கும் ஹெசரகட்டா புல்வெளிக்கே திரைப்பட நகரம் கட்டும் திட்டம் வந்தது. பல வருடம் பலர் போராடி, 2024இல்தான் 5,600 ஏக்கருக்கு மேல் பாதுகாப்புக் காப்பகமாக (கன்சர்வேஷன் ரிசர்வ்) அறிவிக்க மாநில அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பெயர் தெரிந்த புல்வெளிக்கே அவ்வளவு பாடு. இந்தச் சின்ன மூலைக்கு யார் வருவார்கள்?

குனிந்து உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. ஐந்து ரூபாய் நாணயம் அளவில், தரையோடு ஒட்டிய சிவப்புப் பூக்கள் மாதிரி பர்மன்னி. பூ இல்லை, இலையே அப்படி. காலை வெயில் சாய்ந்து விழுந்ததும் அந்தச் சரிவு முழுக்கத் துளித்துளியாக மின்ன ஆரம்பித்தது. நடுநடுவே ஒரு சாண் உயரத்தில் நூல் மாதிரி இண்டிகா, இளஞ்சிவப்புப் பூவோடு. ஒரு மாட்டுக் குளம்பு பதிந்த குழிக்குள் பதினேழு நாற்றுகளை எண்ணினேன். கால் வைக்க இடம் தேடித் தேடி நடக்க வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் பார்த்தோம். கிழக்குப் பக்கம் ஜூன் மாதமே வேலி போட்டுவிட்டார்களாம். அந்தப் பக்கம் மாடு வரவில்லை, புல் முழங்காலுக்கு மேல் வளர்ந்திருந்தது. அதற்குள் தேடித் தேடிப் பார்த்தோம், ஒரு டிரோசிராகூட இல்லை. இயந்திரம் இன்னும் வரவில்லை, யாரும் தோண்டவும் இல்லை. வேலியும் நிழலும் மட்டுமே அங்கே செடியை முடித்துவிட்டன.

தம்பி டப்பாவைத் திறந்து பாசியை நனைக்கத் தொடங்கினார். காவல்காரரின் மனைவி டீ கொண்டுவந்தார். திருவண்ணாமலை பக்கத்துக்காரர், குரலிலேயே ஊர் தெரிந்தது.

"இதையா எடுக்க வந்தீங்க?"

"ஆமாங்க. மெஷின் வந்தா எல்லாம் போயிடுமே."

"மெஷின் வராட்டியும் தீபாவளி கழிச்சு தானா காஞ்சி போயிடும் அக்கா. அடுத்த மழைக்கு மறுபடியும் வரும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்தார். "போன மாசம்கூட ரெண்டு பேர் வந்து கவர்ல அள்ளிட்டுப் போனாங்க. அவங்களும் இதே மாதிரிதான் சொன்னாங்க, காப்பாத்தறோம்னு."

கரண்டி கையில் அப்படியே நின்றது. இந்த இரண்டு வகையும் ஓராண்டுச் செடிகள் என்பது எனக்குத் தெரியும். ஒன்பது வருடமாக வளர்க்கிறேன், விதை போட்டு வளர்த்தும் இருக்கிறேன். தெரிந்த அந்த விஷயத்தை முப்பது டப்பா அடுக்கும்போது நான் நினைக்கவே இல்லை. இன்னும் ஆறேழு வாரத்தில் காய்ந்துபோகும் உடலைப் பேருந்தில் ஏற்றிக் கோவைக்குக் கொண்டுபோவதற்கா இத்தனை ஏற்பாடு?

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏழு வருடம் முன்னால் ஊட்டிப் பக்கம் ஒரு சாலையோரச் சரிவில் டிரோசிரா பெல்டாட்டா பார்த்தேன். சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று டீக்கடையில் பேச்சு. உடனே பதினோரு செடி தோண்டினேன். அந்த வகைக்கு மண்ணுக்குள் ஒரு சின்னக் கிழங்கு உண்டு, தண்டு மெல்லியது. இழுத்தால் தண்டு கையோடு வரும், கிழங்கு உள்ளேயே நின்றுவிடும். பதினொன்றில் கிழங்கோடு வந்தவை இரண்டு. கோவை வெயிலில் மூன்று வாரத்தில் எல்லாமே போயின. அடுத்த வருடம் அதே வழியில் போனபோது சாலை அகலமாகியிருந்தது, எதிர்ப்பக்கத்தில். நான் தோண்டிய சரிவில் நான் விட்டுவந்த கிழங்குகளிலிருந்து செடிகள் மறுபடி எழுந்திருந்தன. அன்று "ரெஸ்க்யூ" என்ற சொல்லை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! அழிவு வருகிறது என்பது டீக்கடையில் கேட்டது, அவ்வளவுதான். செடி வேண்டும் என்ற ஆசை மட்டும் சந்தேகமில்லாமல் இருந்தது.

"தம்பி, இன்னிக்கு வேண்டாம்" என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. இரண்டு மணி நேரம் படம் எடுத்தோம், எண்ணினோம், ஜி.பி.எஸ். குறித்தோம். திரும்பும் வழியில் அவர் அதிகம் பேசவில்லை.

நான்காம் நாள், ஞாயிறு

மல்லேஸ்வரத்தில் ஓய்வு பெற்ற ஒரு தாவரவியல் பேராசிரியர். தஞ்சாவூர்க்காரர், நாற்பது வருடமாக பெங்களூருவாசி. காபி வருவதற்குள்ளேயே தம்பி ஆரம்பித்துவிட்டார்.

"சார், கண்ணு முன்னாடி அழியப்போகுது. தெரிஞ்சும் சும்மா பார்த்துட்டு நிக்கணுமா?"

அந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரும் எடுத்துக்கொள்ளவில்லை. போர்னியோவில் கெலாம் மலை என்று ஒரு தனிப் பாறைமலை. நெப்பந்திஸ் கிளிப்பியாட்டா உலகத்திலேயே அங்கே மட்டும்தான் உண்டு. சேகரிப்பவர்களும் காட்டுத்தீயும் சேர்ந்து அதை அழிவின் விளிம்புக்கே கொண்டுபோய்விட்டார்கள். இன்று அந்த இனத்துக்கு மிச்சமிருக்கும் நம்பிக்கையில் பெரும்பங்கு தோட்டங்களில் வளரும் சில செடிகள். "அதனால எடுக்கவே கூடாதுன்னு நான் சொல்லமாட்டேன்" என்றார். "ஆனா அந்த நிலைமைக்குக் கொண்டுவந்து விட்டதே எடுத்தவங்கதான், அதையும் மறக்காதீங்க. உங்க ரெண்டு செடியும் அப்படி இல்ல. பர்மன்னி ஆசியாவுலயும் ஆஸ்திரேலியாவுலயும் பரவலா இருக்கு. இனம் அழியாது. அழியப்போறது இந்த இடத்து அழுகண்ணி, அந்தக் கசிவு, அந்த மேய்ச்சல். அதை டப்பாவுல எப்படி எடுப்பீங்க?"

தம்பி விடவில்லை. எடுத்துக்கொண்டுபோய் வேறொரு பாறைச் சரிவில் நட்டால்? அதற்கு அவர் ஒரேயடியாகத் தலையாட்டினார். அயர்லாந்தின் சதுப்பு நிலத்தில் 1906இல் யாரோ ஆசையாக நட்ட அமெரிக்கக் குடுவைச் செடி, சரசீனியா பர்ப்யூரியா, இன்று அங்கே பரவிக் களையாக நிற்கிறது. நம்முடையது உள்ளூர்ச் செடியே ஆனாலும், நம் தொட்டியிலிருந்து என்ன பூஞ்சை, என்ன புழு கூடப் போகிறது என்று நமக்குத் தெரியாது. அந்த இடத்தில் ஏற்கெனவே அந்தச் செடி இருந்தால் அதன் மரபில் கலப்பு. இல்லை என்றால், ஏன் இல்லை என்று முதலில் கேட்க வேண்டும்.

பிறகு அவர் உருப்படியாகச் சிலவற்றைச் சொன்னார். விதை எடுங்கள், பழுத்த காய்களிலிருந்து மட்டும். ஒரே செடியிலிருந்து நிறைய எடுக்காமல், நிறையச் செடிகளிலிருந்து ஒவ்வொன்றாக. இரண்டுமே தன் மகரந்தத்தாலேயே விதை கட்டக்கூடியவை, ஒரு செடி ஆயிரம் விதை தந்தாலும் அது ஒரே குடும்பம்தான். சாலை போகும் கோட்டில் மேல்மண்ணை ஓர் விரற்கடை ஆழத்துக்குச் சுரண்டி, அதே நிலத்தின் கசிவு மூலையில் போடுங்கள், விதை அதற்குள்தான் இருக்கிறது. இரண்டு செடிகளைத் தாளில் அழுத்திக் காயவைத்து, இப்படிக் காய்ந்த செடிகளைச் சேர்த்துவைக்கும் உலர்தாவரகத்துக்குக் கொடுங்கள். இடம் போனாலும் அங்கே இது இருந்தது என்று சாட்சி இருக்கும். இந்திய அறிவியல் கழகத்தின் உலர்தாவரகத்துக்கு உலக அளவில் வழங்கும் குறியீடு ஜேசிபி. நாளை மறுநாள் அந்தச் சரிவைப் புரட்ட வரும் மஞ்சள் இயந்திரத்தின் பெயரும் அதுதான் என்பது அவர் சொன்னபோதுதான் உறைத்தது. மூன்று பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம்.

ஒரு விஷயத்தில் நான் அவரோடு ஒத்துப்போகவில்லை. உயிரோடு ஒரு செடியையும் வளர்ப்பவர் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது அவர் கட்சி. தார் ஊற்றப்போகிற கோட்டில், உரிமையாளர் அனுமதியோடு, விற்காமல், எங்கிருந்து எப்போது எடுத்தது என்று எழுதிவைத்து ஒருவர் சில செடிகளை எடுத்தால் அதில் எனக்குக் குற்றம் தெரியவில்லை. அவற்றைப் பார்த்து ஒரு குழந்தை இந்தச் செடிமேல் ஆசைப்படலாம். எனக்கு அப்படித்தான் தொடங்கியது. ஆனால் அதற்குக் காப்பாற்றுதல் என்று பெயர் வைக்கமாட்டேன், இனிமேல்.

இரவு என் பையிலிருந்த பாசிப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தேன். சிலி நாட்டுத் தயாரிப்பு. அங்கே ஏதோ ஒரு சதுப்பு நிலத்தில் அறுத்து உலர்த்தியது. இத்தனை வருடத்தில் இன்றுதான் அந்த வரியைப் படித்தேன்.

ஐந்தாம் நாள், திங்கள்

தம்பி விடுப்பு எடுத்துக்கொண்டார். ஒன்பது மணிக்கு நேராக சைட் ஆபீஸ், தகரக் கொட்டகை. என்ஜினியர் வேலூர்ப் பையன், முப்பது வயதுக்குள் இருக்கும். "புல்லுதானே மேடம், தாராளமா எடுத்துக்கோங்க" என்றார். எழுதித் தாருங்கள் என்றதும் கொஞ்சம் வியந்தார், ஆனால் உரிமையாளருக்குப் போன் செய்து கேட்டுவிட்டு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வரைபடத்தை மேசையில் விரித்தார். சுனை கசியும் மூலை மூன்று வீட்டு மனைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் மேலே, காய்ந்த மேட்டில். அந்த மூலையில் கடைக்கால் எடுத்தால் தண்ணீர் ஊறிக்கொண்டேதான் இருக்கும், அங்கே வீடு கட்டுகிறவர் உங்களைத்தான் திட்டுவார், பூங்காவை அங்கே மாற்றலாமே என்று கேட்டேன். அவருக்கு அது பட்டது. "அது சரிதான் மேடம், அந்த இடம் எங்களுக்கும் தலைவலிதான்." பூங்கா என்றால் புல்தரை போட்டு உரம் வைப்போம் என்றார். உரம் வைத்தால் இது செத்துவிடும், ஒன்றும் செய்யாமல் விட்டு, ஊர் மாடு வர ஒரு வழி மட்டும் வைத்தால் போதும் என்றேன். பூங்காவுக்குள் மாடா என்று முழித்தார். உரிமையாளரிடம் பேசிப் பார்க்கிறேன் என்றார். வாக்குறுதி எதுவும் இல்லை. செடி, கசிவு, மாடு மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதி, படத்தோடு அவருக்கு அனுப்பியிருக்கிறேன்.

பிறகு மதியம் வரை வேலை. சுண்ணாம்புக் கோட்டுக்குள் மட்டும் எடுத்தோம். பர்மன்னி 60 செடிகளிலிருந்து செடிக்கு ஒரு காய், இண்டிகா 40இலிருந்து. உள்ளே கறுப்பாக மை தூவியதுபோல் விதை, மூச்சு பட்டால் பறந்துவிடும். காகித உறைகளில் போட்டு நாள், இடம், எத்தனை செடி, யார் அனுமதி என்று எழுதினேன். மேல்மண் பதினோரு சிமெண்ட் சாக்கு. காவல்காரரும் அவர் மனைவியும் சேர்ந்து சுமந்தார்கள், கூலி கொடுத்தோம். கசிவு மூலையின் கீழ் விளிம்பில், செடி இல்லாத வெற்று மண்ணில் மட்டும் அதை மெல்லப் பரப்பினோம். அது முளைக்குமா என்பது அடுத்த ஜூலையில்தான் தெரியும்.

தம்பி கோட்டுக்குள்ளிருந்து ஆறு செடி எடுத்தார். எடுக்கும் முன் என்னைப் பார்த்தார். "எழுதி வெச்சுக்கோங்க தம்பி" என்றேன். நான் எடுக்கவில்லை. என் முப்பது டப்பாவில் இருபத்தெட்டு சித்தி வீட்டுச் சமையலறைக்குப் போய்விட்டன.

"இவ்வளவுதானா அக்கா எடுத்தீங்க?" என்று கேட்டார் காவல்காரரின் மனைவி. ஆமாம் என்றேன். வேறு யாராவது கவரோடு வந்தால் என் எண்ணுக்குக் கூப்பிடச் சொல்லிவிட்டு வந்தேன்.

இரவுப் பேருந்து. விதை உறைகள் புத்தகத்துக்குள், நெஞ்சோடு வைத்த பையில். உலர்தாவரகத்துக்கான இரண்டு செடிகளும் செய்தித்தாளுக்கு நடுவில் தம்பியிடம் இருக்கின்றன, காய்ந்ததும் கொண்டுபோய்க் கொடுப்பார்.

செவ்வாய் காலை, கோவையிலிருந்து ஒரு வரி: தம்பி படம் அனுப்பியிருக்கிறார். கிழக்குப் பக்கம், வேலிக்குள், இயந்திரம் இறங்கிவிட்டது. கசிவு மூலையை இன்றைக்குத் தொடவில்லையாம்.